எச்சரிக்கையோடு அளவையும் சொல்லுங்கள்: வேலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர், மாவட்ட சுகாதார அலுவலர், உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் ஆகியோருக்கு,

வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் பேருந்து நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ரேஷன் கடைச் சுவர்களிலும் உங்கள் சுவரொட்டிகள் வந்துவிடும். செயற்கை நிறம் சேர்த்த உணவைத் தவிர்ப்பீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பருகுவீர், தாமாக மருந்து உட்கொள்ளாதீர். எல்லாமே நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் ஒன்றிலும் ஓர் எண்கூட இருப்பதில்லை. எத்தனை கரண்டி, எத்தனை மில்லி, எந்த வயதுக்கு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, எந்த அறிகுறி வந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பது எதுவும் அதில் கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தேவைப்படுவதோ அதுதான். மருந்துக்கடைகளிலும் சுகாதார நிலையங்களிலும் வகுப்பறைகளிலும் எங்களைப் போன்றவர்களிடம் மக்கள் கேட்பதும் அதைத்தான். உங்கள் எச்சரிக்கைகளுக்கு அளவுகளைச் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் வயிற்றுப்போக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு நடந்த மூன்று இடங்களில் ஒன்று. டெல்லியும் புனேயும் மற்ற இரண்டு. தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்த ஊரில், ஒரு லிட்டருக்கான உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. இது சாதாரணத் தவறு என்று விட்டுவிடக் கூடியதில்லை. கரைசல் கெட்டியானால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பேதி கூடும். இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம்.

உலக சுகாதார அமைப்பின் சூத்திரப்படி ஒரு லிட்டர் கரைசலில் சாதா உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். ஆக மொத்தம் 20.5 கிராம். பொட்டலத்தின் எடை கிட்டத்தட்ட இதுவாக இருந்தால் அது ஒரு லிட்டருக்கானது. கடைகளில் 4 கிராம் சொச்சம் எடையுள்ள சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. அது 200 மி.லி.க்கு மட்டும். இரண்டும் ஒரே நிறத்தில் ஒரே அலமாரியில் இருப்பதால்தான் குழப்பம். பெரிய பொட்டலத்தில் பாதியை மட்டும் கொட்டி அரை லிட்டரில் கரைப்பதும் கூடாது. உப்பும் சர்க்கரையும் பொட்டலத்துக்குள் சமமாகக் கலந்திருக்காது. ஒரு பாதியில் உப்பு அதிகமாக விழுந்துவிடும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு, மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

ஒரு லிட்டர் என்பதை எதால் அளப்பது? வீட்டுச் சொம்பை நம்ப முடியாது, வீட்டுக்கு வீடு மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை அதில் கழுத்துவரை ஊற்றினால் அளவு சரியாக வரும். பிளாஸ்டிக் பாட்டிலில் சூடாக ஊற்ற வேண்டாம்.

பொட்டலம் கிடைக்காத இரவில், ஜவ்வாது மலையடிவார ஊர்களுக்கும் பேரணாம்பட்டு மலைக் கிராமங்களுக்கும் இது முக்கியம், வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இரண்டுமே தலை தட்டிய அளவு, கோபுரமாக அள்ளியது கூடாது. தேக்கரண்டி என்பது 5 மி.லி. மருந்துக் கரண்டி. நம் சமையலறையில் சாம்பாருக்குப் போடும் கரண்டி இதைவிடப் பெரிதாக இருக்கும். கல்லுப்பு வேண்டாம், தூள் உப்பு போடுங்கள். கல்லுப்பில் இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் உப்பு குறைவாக விழும். அதைச் சரிக்கட்ட இன்னொரு சிட்டிகை போட்டால் கூடிப்போகும். கலந்த பின் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றிச் சமாளித்தால் சர்க்கரை அளவு கெட்டுவிடும்.

கொடுக்கும் அளவு: ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பின்னும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேல் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. 10 நிமிடம் விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பால் நிற்கக் கூடாது. கஞ்சி, மோர், இட்லி எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறத் தாமதமாகும். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிடுவதால் மாத்திரையையும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மீதி நாட்களின் மாத்திரைதான் அடுத்த சில மாதங்களில் பேதி திரும்பாமல் காக்கிறது. அதைச் செவிலியர்கள் சொல்லியே ஆக வேண்டும்.

கண் குழிந்துபோதல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே அடங்குதல், குடிக்க முடியாமல் துவண்டு கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைப் பெரியவர்களுக்கு வாங்கி வந்ததிலிருந்து உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது மிக ஆபத்து. குடல் இயக்கமே நின்றுபோகும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலைப் பற்றி இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் தண்ணீர்ப் பந்தல்களிலும் அலுவலகங்களிலும் இதை எல்லோருக்கும் தினசரிப் பானமாகக் கொடுக்கிறார்கள். ஒரு லிட்டரில் உள்ள சோடியம் சுமார் 1,725 மி.கி. அதாவது 4.4 கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. வெயிலில் தார் போடுகிற தொழிலாளிக்கும் செங்கல் சூளையில் நிற்பவருக்கும் வியர்வையில் போன உப்பைத் திருப்பித் தர இது உதவும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் இரத்த அழுத்த நோயாளிக்குத் தினம் ஒரு லிட்டர் கொடுப்பது கேடு. அவருக்குப் பச்சைத் தண்ணீர் போதும். பந்தலில் ஒரு பலகை வையுங்கள்: யாருக்கு, எவ்வளவு என்று.

பழரசப் பெட்டிகளில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிட்டு விற்றதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடை செய்தது. உலக சுகாதார அமைப்பின் சூத்திரத்துக்குப் பொருந்தாத எந்தப் பானமும் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது. அந்தப் பெட்டிகளில் சர்க்கரை, மருந்துக் கரைசலில் இருப்பதைப்போலப் பல மடங்கு. பழைய இருப்பு கிராமக் கடைகளில் தங்கியிருக்கிறதா என்று கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் ஒரு சுற்று வந்து பார்ப்பது உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு நாள் வேலைதான்.

அடுத்தது காய்ச்சல் மருந்து. வீட்டு வைத்தியம் என்றால் கஷாயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்று எல்லா வீட்டிலும் இருக்கும் கைவைத்தியம் பாரசிட்டமால்தான். குழந்தைக்கு ஒரு வேளை அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. கணக்கு எளிதுதான். சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. அந்த மருந்து மூன்று அடர்த்தியில் வருகிறது: 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும். முதல் பாட்டிலில் அது 6 மி.லி. சொச்சம், இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. போன தடவை 6 மி.லி. கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போய்விடும். நான்கு மடங்கு. இரண்டு நாள் இப்படிக் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. சளி மருந்திலும் பாரசிட்டமால் இருக்கிறது என்பது தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. மருந்துக்கடைகளில் பில்லின் பின்பக்கத்தில் எடையையும் மி.லி.யையும் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கடையில் மருந்தே கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இருமலுக்கு வருவோம். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் கூடாது, ஐந்து வயது வரைக்குமே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அப்படியானால் இருமும் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே அம்மாக்கள் கடைக்கு ஓடாமல் இருப்பார்கள்? ஒரு வயது கடந்த குழந்தைக்குத் தேன் நன்றாகக் கேட்கும். தூங்கப் போகும்போது ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டி, ஆறு முதல் பதினொன்று வரை ஒரு தேக்கரண்டி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கூடாது. சேனை வைப்பதும் இதில் அடங்கும். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதைகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும். பெரியவர்களின் குடல் அதை முளைக்க விடாது. காய்ச்சுவதாலும் அந்த விதைகள் சாவதில்லை. மூச்சு வேகமாக இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ தேனும் துளசியும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது நிமோனியாவாக இருக்கலாம்.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இங்கேதான் பாட்டிமார்களின் அன்பும் ஆபத்தும் ஒன்றாகக் கிடக்கின்றன; அவர்களைக் கடிந்துகொண்டால் கதவை மூடிவிட்டுக் கொடுப்பார்கள். உரை மருந்து இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றைத் தாய்ப்பாலில் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். மூன்று உரை, ஐந்து உரை என்பதுதான் அளவு. ஒரு உரையில் எவ்வளவு இறங்கும் என்பது கல்லின் சொரசொரப்பையும் கையின் அழுத்தத்தையும் பொறுத்தது. ஒரே வீட்டில் அம்மா உரைப்பதற்கும் ஆயா உரைப்பதற்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதனாலேயே அமெரிக்காவில் 1968 முதல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. அளவு கூடினால் குழந்தை விடாமல் வாந்தி எடுக்கும். சாதிக்காயில் இருக்கும் மிரிஸ்டிசின் மூளையை மந்தமாக்கும். குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று வீட்டார் மகிழ்வது பல நேரம் அந்த மந்தத்தைப் பார்த்துத்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர், ஓமத் திரவம், கிரைப் வாட்டர் எதுவும் தேவையில்லை. வயிறு உப்பி அழும் குழந்தைக்கு, பால் குடித்ததும் தோளில் சாய்த்து 10 நிமிடம் முதுகைத் தட்டிக் கொடுப்பதும், கால்களை மடக்கி வயிற்றோடு மெதுவாக அழுத்தி விடுவதும் மருந்தைவிட நன்றாக வேலை செய்யும். வசம்பை விட மனமில்லாதவர்கள் வளையலாகக் கட்டிவிடட்டும். அதுவும் வாயில் போகாத அளவு இறுக்கமாக, நூல் அவிழாமல் இருக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியலில் மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றி ஊதுவது அடுத்தது. மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கும். அங்கிருந்து அதை வெளியேற்ற உடம்பால் முடியாது. வாரக்கணக்கில் தீராத நிமோனியா வருவதற்கு இது தெரிந்த காரணம். உடம்பில் தேய்ப்பதில் தவறில்லை, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தாராளமாகத் தேய்க்கலாம். மூக்கு, காது, கண், தொண்டை இந்த நான்கும் வேண்டாம்.

கற்பூரத்தை எல்லா அங்கன்வாடிச் சுவரிலும் எழுத வேண்டும். பூஜை அறையில் கைக்கெட்டும் உயரத்தில் கிடக்கும் வெள்ளை வில்லை, குழந்தை கண்ணுக்குக் கல்கண்டு. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து. விழுங்கிச் சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வலிப்பின் நடுவே அது நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் எண்ணெயும் கொடுக்கக் கூடாது, கற்பூரம் கொழுப்பில் கரைந்து இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறும். கையில் சாவி கொடுப்பதில் நேரத்தை வீணாக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மீதமிருக்கும் வில்லைகளைப் பெட்டியோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போனால் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மருத்துவர் கணக்கிட முடியும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும், நீலகிரித் தைலத்தை மூக்கடியில் தடவுவதும் இரண்டு வயது வரை வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீர் பற்றிச் சுருக்கமாக. சூரணத்தை நீரில் இட்டு நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, வடிகட்டி, கொஞ்ச நேரத்துக்குள் குடித்துவிடுவதே முறை. காலையில் அண்டாவில் காய்ச்சி மாலை வரை பேருந்து நிலையத்தில் ஊற்றுவது முறையாகாது. அதைக் குடித்தாலும் டெங்குவில் ஆபத்து நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது என்பதைச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டதும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல் தெரிந்தால் உடனே சேர்க்க வேண்டும். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் மூன்றையும் தொடக் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும்.

இனி கடைத்தெரு. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ஆம்பூர் பிரியாணியும் ஆற்காடு மக்கன் பேடாவும் எங்களுக்கு இன்னும் ஒரே மாவட்டச் சாப்பாடுதான். ஆம்பூர் பிரியாணியின் நிறம் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயிலிருந்து வருவது. அதில் சாயத்துக்கு வேலையே இல்லை. சட்டமும் அப்படித்தான். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் எட்டு. அவற்றையும் இனிப்பு, ஐஸ்கிரீம், பிஸ்கட் போன்ற குறிப்பிட்ட உணவுகளில் மட்டுமே சேர்க்கலாம். பிரியாணி, சிக்கன் 65, பஜ்ஜி, கோபி மஞ்சூரியன் ஆகியவற்றுக்கு அளவு சுழி. அனுமதிக்கப்பட்ட பெட்டிதானே என்று கடைக்காரர் காட்டினால், எந்த உணவுக்கு அனுமதி என்று கேட்க மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர்களுக்கும் இது தெரியாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் உண்மை. அபராதம் போடுவதற்கு முன்பு ஒரு முறை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

இனிப்புகளில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு ஒரு கிலோ உணவுக்கு 100 மி.கி. சாயம். வீட்டில் கேசரி கிளறும்போது ஒரு சிட்டிகை என்கிறோம். ஆளுக்கு ஆள் மாறும் சிட்டிகை அரை கிராம் வரை போகும். பெட்டியில் மொத்தச் சாய அளவு 10 விழுக்காடு என்றிருந்தால், ஒரு கிலோ கேசரிக்கு ஒரு கிராம் தூள் வரை வரம்புக்குள் இருக்கும். 90 விழுக்காடு என்றிருந்தால் அதே சிட்டிகை வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும். கல்யாணச் சமையல்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் ஒரே முகூர்த்த நாளில் ஆயிரக்கணக்கானவர்களின் இலையில் பலன் தெரியும்.

பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. ரோடமின் பி துணிச்சாயம், எந்த அளவிலும் உணவுக்கு ஆகாது. அதே சாயத்தைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலிலும் ஏற்றுகிறார்கள். சமையல் எண்ணெயில் நனைத்த பஞ்சால் தோலைத் தேயுங்கள். பஞ்சு சிவந்தால் வாங்க வேண்டாம். மிளகாய்த்தூளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் தூவினால், கலப்படச் சாயம் கோடு கோடாகக் கீழே இறங்கும். மஞ்சள்தூளில் நல்லது அடியில் தங்கி மேலே தண்ணீர் வெளிர்மஞ்சளாக நிற்கும். கலப்படமானால் தண்ணீர் முழுக்க அடர்மஞ்சளாகும். இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. எண்ணெயில் மட்டும் கரையும் சூடான் வகைச் சாயத்தைத் தண்ணீர் டம்ளர் காட்டாது. தேறிவிட்டால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. தோற்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சரிபார்க்காத எச்சரிக்கை என்ன செய்யும் என்பதை 2025 கோடையில் பார்த்தோம். தர்பூசணியில் ஊசி போட்டு நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, விலை சரிந்து, விளைவித்தவர்கள் பழத்தை வயலிலேயே விட்டார்கள். தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. பழுத்த பழத்தில் காகிதத்தை வைத்துத் தேய்த்தால் சாறு ஒட்டி இளஞ்சிவப்பாவது இயல்பு. ஊசியால் ஏற்றிய சாயம் சதை முழுக்கச் சீராகப் பரவாது, துளையிட்ட இடம் ஓரிரு நாளில் அழுகவும் செய்யும். இந்த நான்கு வரியை அன்றே மாவட்டம்தோறும் சொல்லியிருந்தால் விவசாயிகளுக்கு அந்த இழப்பு நேர்ந்திருக்காது.

பொட்டலத்தின் பின்னால் இருக்கும் ஐ.என்.எஸ். எண்களை, அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான பன்னாட்டு எண்களைக் கண்டு எல்லாமே விஷம் என்று பயப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 300 வைட்டமின் சி. 500 சமையல் சோடா. 322 லெசித்தின், முட்டை மஞ்சட்கருவிலும் உண்டு. கவனிக்க வேண்டியவை 102, 110, 122, 124 போன்ற நிறமிகள். குறிப்பாக ஆஸ்துமா உள்ள சிலருக்கும் தடிப்பு வரும் சிலருக்கும் 102 ஒத்துக்கொள்ளாது. அஜினமோட்டோ 621. பெரியவர்களுக்குச் சமையல் அளவில் அது நஞ்சில்லை. ஒரு வயது வரையான குழந்தை உணவில் சேர்க்கக் கூடாது. உண்மையான கேடு அதே பொட்டலத்தில் இருக்கும் சோடியம்தான். அட்டையில் காணும் சோடியம் மி.கி.யை இரண்டரையால் பெருக்கினால் உப்பு எத்தனை மி.கி. என்று வந்துவிடும். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, நாளின் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்தப் பெருக்கல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். நாட்டுச் சர்க்கரை சர்க்கரை நோய்க்கு நல்லது என்று டீக்கடைகளில் எழுதி வைத்திருப்பதையும் எடுக்கச் சொல்லுங்கள். அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

வடை சட்டி எண்ணெய்க்கு வரம்பு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருள்களான மொத்த போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது. 2018 ஜூலை முதல் இது சட்டம். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும். சிறு கடைக்காரரிடம் கருவி இருக்காது. நுரை அடங்காமல் பொங்குவது, தேன் போலக் கெட்டிப்படுவது, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைவது: இவை போதும் தெரிந்துகொள்ள. பழைய எண்ணெயில் புதிதை ஊற்றி நிரப்புவதால் புதிதும் சீக்கிரம் கெடும். தினம் வடிகட்டுவதும், உப்பைச் சட்டிக்கு மேலே தூவாமல் தட்டில் தூவுவதும் எண்ணெயின் ஆயுளைக் கூட்டும், கடைக்காரருக்கும் லாபம். பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்டுவதை 2018-ன் பொட்டல விதிமுறைகள் தடை செய்கின்றன. வாழையிலை இங்கே கிடைக்காத பொருளில்லை.

எங்கள் கோரிக்கைகளுக்குப் பெரிய நிதி வேண்டாம். பிறந்த குழந்தையோடு வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு 5 மி.லி. கரண்டியும் கோடு போட்ட ஊசியில்லா மருந்துக் குழலும் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போகும்போது பாட்டில் லேபிளைப் படித்துக் காட்டி, குழந்தையின் எடைக்கான மி.லி. அளவை மூடியில் எழுதிவிட்டு வரட்டும். ரேஷன் கடைச் சுவரில் ஒரு பலகை: கரைசல் கலக்கும் அளவு, தேன் வயது, கற்பூரம், தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசையும் காபித்தூளும் கூடாது. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும், அதிகாரிகளின் படம் வேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வாணியம்பாடி சாலையோரக் குடியிருப்புகளிலும் பேரணாம்பட்டிலும் உருதிலும் எழுதுங்கள், ஆந்திர எல்லைக் கிராமங்களில் தெலுங்கிலும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். பொருள் விதிக்குப் புறம்பாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமையைப் பற்றி எந்தச் சுவரிலும் ஒரு வரி இல்லை. கட்டணம் எவ்வளவு, மாதிரியை எங்கே கொடுப்பது, எப்படிக் கட்டி முத்திரையிடுவது என்பதை உங்கள் அலுவலக வாசலில் எழுதி வையுங்கள். எடுக்கும் மாதிரிகளின் முடிவுகளை, எந்த உணவு, எந்தச் சாயம், எத்தனை மி.கி. என்று மாதம் ஒரு முறை வெளியிடுங்கள். வெறுமனே பறிமுதல் செய்த கிலோ கணக்கு எங்களுக்கு எதையும் சொல்வதில்லை.

மே 1-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. அக்னி நட்சத்திரம் தொடங்க அதன் பிறகு மூன்று நான்கு நாட்களே இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு லிட்டர் பாட்டிலும் கரண்டியும் வைத்துக் கரைசலைக் கலந்து காட்டச் செவிலியர்களுக்கு உத்தரவிடுங்கள். பலகையில் எழுத வேண்டிய வாசகங்களைத் தமிழிலும் உருதிலும் தெலுங்கிலும் சரிபார்த்துத் தருவதற்கும், கல்யாணச் சமையல்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பெடுப்பதற்கும் நாங்கள் கட்டணமின்றி வரத் தயார்.

இங்ஙனம்,
வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு பகுதிகளைச் சேர்ந்த
மருந்தாளுநர்கள், செவிலியர்கள், உணவு வேதியியல் ஆசிரியர்கள்